சொந்த ஊர் எது என்று கேட்டார்கள்

என் அப்பா ஞாயிறுதோறும் அரசாங்கத்துக்காக ஜெபம் செய்வார். நீங்கள் யாரென்றே எங்களுக்குத் தெரியாது என்று அந்த அரசாங்கம் சட்டம் போட்டுச் சொன்ன பிறகும் செய்தார். இலங்கை மலையகத்தில், கொட்டகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தகரக் கூரை போட்ட ஒரு வேதக்கோயில் இருந்தது. முப்பது பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். போதகரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்போம். அவர் ஹட்டனிலிருந்து மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் அப்பாதான் முன்னால் நின்று ஜெபத்தை நடத்துவார். வார நாட்களில் அவருக்கு ஸ்டோர் என்கிற தேயிலை ஃபேக்டரியில் வேலை, கொழுந்து வாட்டுகிற மாடியில். அவர் பக்கத்தில் நின்றால் எப்போதும் வாடின இலை வாசம் அடிக்கும். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையிலும் அந்த வாசம் இருக்கும்.

ஜெபத்தில் ஒரு ஒழுங்கு இருந்தது. முதலில் நோயாளிகள், பிறகு மழை, பிறகு நாடு. "எங்கள் நாட்டையும், எங்களை ஆளுகிறவர்களையும் உமது கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம்" என்பார். எல்லாரும் ஆமென் என்பார்கள். எனக்கு விவரம் தெரிந்த பிறகு அந்த இடத்தில் மட்டும் நான் வாயைத் திறப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டிருப்பவர்கள் மத்தியில் யார் ஆமென் சொன்னார்கள், யார் சொல்லவில்லை என்று கண்டுபிடிக்க முடியாது. அந்த வசதியை நான் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டேன்.

நாடு சுதந்திரம் வாங்கியபோது நான் சின்னப் பிள்ளை. மிட்டாய் கொடுத்தது ஞாபகம் இருக்கிறது. அதே வருஷத்திலேயே எங்களைப் போன்றவர்கள் இந்த நாட்டுப் பிரஜைகள் இல்லை என்று சட்டம் வந்தது. அதன்பிறகு வோட்டும் போய்விட்டது. பெரியவர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்திருக்கும், ஆனால் மிட்டாய்தான் மனதில் நிற்கிறது.

ஒரு தேர்தலுக்கு முந்தைய ஞாயிறு ஐயர் வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். மேடு ஏறி வந்த களைப்பில் ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டுப் பிரசங்கத்தை ஆரம்பித்தார். கிறிஸ்தவனுக்கு நாட்டின் மேல் கடமை இருக்கிறது, ஆளுகிறவர்களை மதிக்க வேண்டும், வோட்டை யோசித்துப் போட வேண்டும், போடாமல் வீட்டில் இருப்பது பாவம் என்று அரை மணி நேரம் பேசினார். வேறு ஏதோ சபைக்கு எழுதிய பிரசங்கத்தை மாற்றாமல் கொண்டுவந்துவிட்டார் போலிருக்கிறது. அந்தக் கோயிலில் வோட்டு இருந்தது இரண்டே பேருக்குத்தான். ஒருவர் ஐயர், இன்னொருவர் தோட்டத்து மருந்துக்காரர். மற்ற எல்லாரும் தங்களால் செய்யவே முடியாத ஒரு பாவத்தைப் பற்றிக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா முன் வாங்குப் பலகையில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபமும் அப்போது வரவில்லை. வீட்டுக்கு வந்து தேங்காய் துருவும்போதுதான் வந்தது. தேங்காய்த் துருவி உடைந்துபோனது.

பிரஜாவுரிமை கேட்டு அப்பா மனுப் போட்டிருந்தார். அதில் அம்மாவும் நானும் சேர்த்தி. அவருக்குக் கிடைத்தால் எங்களுக்கும் கிடைக்கும், இல்லையென்றால் மூன்று பேருக்கும் இல்லை. மனுப் போட்டபோது நான் தாவணி போடாத பெண். விசாரணைக்குக் கூப்பிட்டபோது சேலை கட்டிக்கொண்டு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை. பரீட்சையெல்லாம் பாஸ் பண்ணியாகிவிட்டது. பிரஜை என்ற அத்தாட்சி ஒன்றுதான் பாக்கி. அது இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் நான் சொல்லிக்கொடுத்த பாடங்களில் குடியியலும் ஒன்று. நல்ல குடிமகனுடைய கடமைகள் என்னென்ன என்று அந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டும். குடிமகன் என்று சொன்னதும் வகுப்பே சிரிக்கும். ஒரு பயல் எழுந்து, "டீச்சர், அப்ப எங்கப்பா நல்ல குடிமகன்தான், சம்பள நாளு பாருங்க" என்றான். அவனை உட்காரச் சொன்னேன். அன்றைக்கு அந்தப் பிள்ளைகளின் வீடுகளில் யாராவது குடிமகன் என்றால் அந்த அர்த்தத்தில்தான் இருக்க முடியும். அதை அவனிடம் சொல்லவில்லை.

விசாரணைக்குப் போகிறவர்களுக்கு எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் ஒத்திகை வைத்தார். லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகளின் வாசலில் நாலைந்து பேரை நிற்க வைத்து, அதிகாரி கேட்பது மாதிரியே கேட்பார். எதைக் கேட்டாலும் இந்தத் தோட்டம் என்று சொல்ல வேண்டும், பிறந்தது இங்கே, சாகப்போவதும் இங்கே என்று சொல்ல வேண்டும். அதிலும் ஒரு கேள்வியில் மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஊர் எது என்று கேட்பார்கள், வாய் தவறிக்கூட இந்தியாவில் உள்ள ஊரைச் சொல்லிவிடக் கூடாது.

இதை வெளியே இருப்பவர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். எங்கள் வாயில் தோட்டம் வேறு, ஊர் வேறு. நாங்கள் இருப்பது தோட்டம். ஊர் என்பது கடலுக்கு அந்தப் பக்கம். பெண் கேட்டு வந்தால் முதல் கேள்வியே எந்த ஊர் என்பதுதான். அதற்குக் கொட்டகலை என்று பதில் சொன்னால் பைத்தியம் என்று நினைத்துக்கொள்வார்கள். பெரம்பலூர், மணப்பாறை, புதுக்கோட்டை என்று ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்கிறவனும் அதைப் பார்த்ததில்லை, கேட்கிறவனும் பார்த்ததில்லை. எங்களுக்கு முசிறிப் பக்கம். தாத்தா அங்கிருந்து நடந்தும் கப்பலேறியும் வந்தாராம். அப்பா பிறந்தது இதே தோட்டத்தில், எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவில். அவருக்கு முசிறி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

அப்பா ஒத்திகைக்குப் போகவில்லை. அதிகாரி முன்னால் வேதப் புத்தகத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்யப்போகிறோம், சத்தியம் செய்து சொல்லப்போவதை முன்கூட்டியே தயார்செய்து வைக்கலாமா என்றார். உண்மையைச் சொல்வதற்கு எதற்கு ஒத்திகை என்றும் கேட்டார். அம்மா கொழுந்துக்கூடையின் கயிற்றை முடிந்துகொண்டிருந்தாள். "சாமிக்கு எல்லாந் தெரியுங்க. கச்சேரியில இருக்கவனுக்குத் தெரியாதே" என்றாள். கச்சேரி என்றால் எங்களுக்கு அரசாங்க அலுவலகம்.

விசாரணை நுவரெலியாவில். மூன்று பேரும் போனோம். நானுஓயா வரை ரயில், பிறகு பஸ். அம்மாவுக்கு வளைவுகளில் வாந்தி. கச்சேரித் தாழ்வாரத்தில் எங்களைப் போல நிறையப் பேர், எல்லார் கையிலும் துணியில் சுற்றிய காகிதங்கள். எங்களுக்கு முன்னால் கந்தப்பளைப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் உள்ளே போனார். கதவு திறந்தே இருந்தது. அவருக்குக் குரல் பெரிது. எது கேட்டாலும் தோட்டத்தின் பெயரைச் சொன்னார். உங்கள் மனைவியின் பெயர் என்ன என்று கேட்டதற்கும் தோட்டத்தின் பெயரையே சொன்னார். வெளியே இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் நெற்றி நிறைய விபூதியோடு வியர்த்துப்போய் வெளியே வந்தார். பிறகு அவருக்குக் கிடைத்துவிட்டது என்று கேள்விப்பட்டேன்.

அதிகாரி சிங்களவர், நடு வயது, கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்தார். கடுமையான ஆள் இல்லை. அம்மாவுக்கு நாற்காலி போடச் சொன்னார். பக்கத்தில் மொழிபெயர்ப்பதற்கு ஒரு முஸ்லிம் பெரியவர். அப்பாவுக்குச் சிங்களம் தெரியுமா என்று அதிகாரி கேட்டார். கொஞ்சம் பேசுவேன் என்றார் அப்பா, சிங்களத்திலேயே. அதிகாரி சிரித்தார். சத்தியம் செய்து சொல்கிற விஷயம், பெரியவருக்குச் சிரமம் வேண்டாம், தமிழிலேயே கேளுங்கள் என்று மொழிபெயர்ப்பவரிடம் சொன்னார். அதை நல்ல மனதோடுதான் சொன்னார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா வேதப் புத்தகத்தின் மேல் கையை வைத்தார். அப்படி வைப்பது அவருக்குப் புதிது இல்லை. 

"உங்கட சொந்த ஊர் எது?" என்றார் மொழிபெயர்ப்பவர்.

"முசிறிப் பக்கமுங்க" என்றார் அப்பா.

அம்மா என் கையைப் பிடித்தாள். அங்கே போயிருக்கிறீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றார். சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா என்று கேட்டார்கள். இருக்கிறார்கள் என்று தாத்தா சொல்லிக் கேட்டதாகச் சொன்னார். பார்க்க ஆசை உண்டா என்று கேட்டதற்கு, ஆசைதான் என்றார். மொழிபெயர்ப்பவர் கொஞ்சம் தயங்கினார். அவருக்கே இது எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டது. அதிகாரி கேட்காமலே அவர் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். குரலைத் தாழ்த்தி, "சும்மா பாத்திட்டு வரத்தானே? இருக்கப்போறது இஞ்சதானே?" என்றார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் எங்கள் வீட்டில் நாளைக்கு ரொட்டி சுடப்போகிறேன் என்று சொன்னால்கூட, கர்த்தருக்குச் சித்தமானால் என்று சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். சேர்க்காமல் சொன்னால் அகந்தை. அப்பா எங்களை அப்படித்தான் வளர்த்தார், அவரும் அப்படியே இருந்தார்.

"கர்த்தருக்குச் சித்தமானா இருப்பேனுங்க" என்றார்.

மொழிபெயர்ப்பவர் அதை அப்படியே, ஆபீஸ் மொழியான இங்கிலீஷில் சொன்னார். அவரும் கடவுளுக்குப் பயந்தவர்தான், அந்த வார்த்தையை விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. அதிகாரி எழுதினார்.

திரும்பினோம். பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு இடம் கிடைத்தது. தேயிலை மலைகள் வந்துகொண்டே இருந்தன. நான் எதையும் நினைக்கவில்லை. அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. வீட்டுக்கு வந்து அம்மா உலை வைத்தாள், நான் வெங்காயம் உரித்தேன், அப்பா கால் கழுவிவிட்டு வந்து சாப்பாட்டுக்கு ஜெபம் செய்தார். வழக்கம்போல நீளமாகவே செய்தார்.

சில மாதங்களுக்குப் பிறகு மனு நிராகரிக்கப்பட்டது என்று தபால் வந்தது. இந்த நாட்டில் நிரந்தரமாகக் குடியிருக்கும் எண்ணம் நிரூபிக்கப்படவில்லையாம். சங்கத் தலைவர் வீட்டுக்கு வந்தார். கேள்வி சரியாகப் புரியவில்லை என்று சொல்லி அப்பீல் பண்ணலாம், நான் ஏற்பாடு செய்கிறேன் என்றார். அப்பா அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. "புரிஞ்சுதாங்க சொன்னேன். புரியலேன்னு எப்படிச் சொல்றது?" என்றார். தலைவர் என்னைப் பார்த்தார். நீயாவது சொல்லேன் என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. நான் தபாலை மடித்து வைத்தேன். அவர் போன பிறகு அம்மா அடுப்பை ஊதினாள், ஊதிக்கொண்டே இருந்தாள். நெருப்பு எப்போதோ பற்றிவிட்டிருந்தது.

ஐயர் வந்து ஆறுதல் சொன்னார். நம்முடைய உண்மையான நாடு மேலே இருக்கிறது, அதில் யாரும் நம்மைத் தள்ள முடியாது என்றார். அங்கேயும் சொந்த ஊர் எது என்று கேட்பார்களா ஐயா என்று கேட்டேன். அப்பா என்னை அதட்டவில்லை. ஐயர் டீயைக் குடித்துவிட்டு, பெண் கெட்டிக்காரி என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அவருக்குத் தேர்தலுக்குத் தேர்தல் வோட்டு இருந்தது. கடமை தவறாதவர்.

கலாசாலை இல்லை என்று ஆனது. அதே பள்ளிக்கூடம், அதே தகரக் கொட்டகை, அதே குடியியல். மாரிகாலத்தில் கொழுந்து பறித்துவிட்டு வந்தால் அம்மாவுக்கு விரல்கள் மரத்துப்போயிருக்கும். சுள்ளி குத்தினாலும் தெரியாது, ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். நானும் அந்த வருஷங்களில் அப்படித்தான் இருந்தேன். அப்பாவோடு சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. அவர் மேல் கோபமா என்று என்னையே கேட்டால், இல்லை என்றுதான் பதில் வந்தது. அவர் பொய் சொல்லவில்லை. சொல்லாத பொய்க்காக ஒருவரோடு எப்படிச் சண்டை போடுவது?

அப்பா ஞாயிறுதோறும் ஜெபத்தை நடத்திக்கொண்டிருந்தார். எங்கள் நாட்டையும், எங்களை ஆளுகிறவர்களையும். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

அறுபதுகளின் நடுவில், மழை விடாத ஒரு மாதத்தில், அப்பாவும் நானும் கொட்டகலைக் கடைத்தெருவுக்குப் போனோம். அப்பாவின் குடையில் இரண்டு கம்பி உடைந்திருந்தது. அந்த நேரத்தில் எங்களைப் போன்றவர்களில் இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று இந்தியாவும் இலங்கையும் பேசி ஒப்பந்தம் எழுதியிருந்தன. கடைத்தெருவில் அதே பேச்சு. ரயில் ஸ்டேசன் பக்கத்தில் புதிதாக ஒரு சிங்களவர் குடை ரிப்பேர் செய்ய உட்கார்ந்திருந்தார். பேச்சுக்காரர். குடையை மடியில் வைத்துக் கம்பியை வளைத்துக்கொண்டே மழையைப் பற்றிப் பேசினார், தன் பிள்ளைகளைப் பற்றிப் பேசினார், பிறகு தலையை நிமிர்த்தாமலே அப்பாவைக் கேட்டார்.

"கம கொஹேத?"

ஊர் எது என்று அர்த்தம். பஸ்ஸில், கடையில், ஸ்டேசனில் யாரும் யாரையும் கேட்கிற சாதாரணக் கேள்வி.

"அபே கம கொட்டகல" என்றார் அப்பா.

எங்கள் ஊர் கொட்டகலை. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கடைத்தெருவில் இருபது முப்பது வருஷமாக அவர் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். நானும் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது என் காதில் விழுந்தது. குடைக்காரர் தையலை முடித்துக் கொடுத்தார். விரித்துப் பார்த்தோம், நன்றாகவே இருந்தது.

மேடு ஏறும்போது கேட்டேன். "அப்பா, அன்னைக்கு நுவரெலியாவுல அவரு சிங்களத்துல கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அவர் கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு நின்றார். குடை அவர் கையில் இருந்தது, நான் மழையில் நின்றேன். அவர் அதைக் கவனிக்கவில்லை.

"கொட்டகலைன்னுதான் சொல்லியிருப்பேன், பாப்பா" என்றார். "அதுவும் சத்தியந்தானே."

 இத்தனை வருஷமும் உண்மைக்காக இழந்தோம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் எனக்கே தெரியாமல் ஒரு பெருமை இருந்திருக்கிறது. இரண்டும் உண்மைதான், எந்த மொழியில் கேட்டார்கள் என்பதில்தான் எல்லாம் போனது என்று தெரிந்தபோது வலித்தது. அம்மாவின் விரல்களும் அப்படித்தான், மழையில் வலிக்காது, அடுப்பருகே சூடு ஏறும்போதுதான் வலிக்கும். நான் அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் எனக்குப் பின்னால் மெதுவாக வந்துகொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு ஐயர் வருகிற ஞாயிறு இல்லை. அப்பா முன்னால் நின்றார். நோயாளிகளுக்காக ஜெபித்தார். மழைக்காக ஜெபித்தார். பிறகு நின்றுவிட்டார். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தோம். கூரையில் மழைச் சத்தம். யாரோ இருமினார்கள். அவருக்கு மறந்துவிட்டது என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் உதடு 'எங்கள்' என்ற அந்த முதல் வார்த்தையில் அசைந்தது, குரல் வரவில்லை.

எங்கள் கோயிலில் பெண்கள் ஜெபத்தில் வாய் திறப்பது வழக்கம் இல்லை, ஆமென் தவிர. நான் அந்த ஆமெனைக்கூட அந்த இடத்தில் சொன்னவள் இல்லை.

"எங்கள் நாட்டையும்" என்றேன்.

ஜெபம் மாதிரி வரவில்லை. பறித்துக்கொண்டதைத் திருப்பிக் கேட்கிற குரலில்தான் வந்தது. அம்மா திரும்பிப் பார்த்தாள். அப்பா கண்ணைத் திறக்கவில்லை. நான் விட்ட இடத்திலிருந்து, "எங்களை ஆளுகிறவர்களையும்" என்று தொடர்ந்தார்.